திணை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியிலிருந்து மூக்கையூர் வரையுள்ள கரையோர ஊர்களில் தமிழ்ப் பாடம் சொல்லிக்கொடுக்கும் யாரிடமும் பிள்ளைகளும் பெற்றோரும் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களும் கேட்கிற கேள்விகள் இவை. உதாரணங்களைக் கூடியவரை நம் கரையிலிருந்தே எடுத்திருக்கிறேன். பாடப்புத்தகத்து 'இராமன் வந்தான், மாடு வந்தது' மட்டும் போதாது என்பது என் கட்சி.

திணை என்றால் என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

தமிழ் தன் பெயர்ச்சொற்களைப் பிரித்து வைத்திருக்கும் இரண்டு பெரிய வகுப்புகளுக்குத் திணை என்று பெயர். ஆட்களைச் சுட்டினால் உயர்திணை, மற்றதெல்லாம் அஃறிணை. பிரித்ததோடு விடாமல் வினைமுற்று வரை அது கூடவே வரும். வலையைப் பின்னினவன் 'பின்னினான்', வலை 'கிழிந்தது'. இடம் மாற்றிப் போட்டால் காது ஒப்பாது.

நெய்தல் திணை என்கிறோம், உயர்திணை என்கிறோம். இரண்டிலும் இருப்பது ஒரே சொல்லா?

ஒரே சொல்தான். பாட்டின் பொருளைப் பேசும் பொருளதிகாரப் பாடத்தையும் சொல்லிலக்கணம் பேசும் சொல்லதிகாரப் பாடத்தையும் தனித்தனியாக நடத்துவதால் பிள்ளைகளுக்கு இரண்டு சொல்லாகத் தோன்றுகிறது.

பழைய பாட்டுகளில் திணைக்குக் குடி, குலம் என்ற பொருள் உண்டு. சோழன் நலங்கிள்ளியை உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடிய புறநானூற்று 27ஆம் பாட்டைப் பாருங்கள்:

'வேற்றுமை இல்லா விழுத்திணைப் பிறந்து
வீற்றிருந் தோரை எண்ணுங் காலை
உரையும் பாட்டும் உடையோர் சிலரே'

சேற்றில் முளைத்த தாமரைப் பூவின் இதழ்களைப் போல, ஒன்றுக்கொன்று வேறுபாடில்லாத சிறந்த குடியில் பிறந்து அரசாண்டவர்கள் பலர். அவர்களில் புகழும் பாட்டும் பெற்றவர்கள் சிலரே என்கிறார். இங்கே 'விழுத்திணை' என்றால் விழுமிய குடி. நிலப்பாகுபாட்டுக்கும் பெயர்ச்சொல் வகுப்புக்கும் இங்கே வேலையே இல்லை.

நிலம், இடம், வீடு, குலம், ஒழுக்கம் என்று அகராதிகள் இந்தச் சொல்லுக்குப் பல பொருள் தருகின்றன. அகப்பாட்டுக்கு உரை எழுதியவர்கள் 'ஒழுக்கம்' என்பதையே முதன்மையாகக் கொண்டார்கள். நெய்தல் திணை என்றால் கடலோரத்தார் வாழும் முறை, அந்தப் பின்னணியில் பிரிந்திருப்பவர் படும் இரங்கல். எனக்குப் பொருத்தமாகப் படுவது இது: குடி என்பது அடிப்பொருள். குடி இருக்கும் இடம், குடியின் ஒழுக்கம் என்று அது ஒரு பக்கம் விரிந்தது. 'இன்ன வகையைச் சேர்ந்தது' என்ற பொதுப்பொருளாகி இலக்கணத்துக்குள் வந்தது இன்னொரு பக்கம். இன்றைக்கும் 'அவன் எந்த வகையறா?' என்று குடும்பத்தையும் கேட்கிறோம், 'இது என்ன வகை மீன்?' என்று ஏலக்கூடத்திலும் கேட்கிறோம். அதே போக்குதான்.

திண்ணை, திண்மை என்று ஒலி ஒத்த சொற்களை அடுக்கி வேர் காட்டும் காணொளிகள் நிறைய உலவுகின்றன. நான் அவற்றை நம்புவதில்லை. ஒலி ஒப்புமையை விட, பாட்டில் ஒரு சொல் எப்படி ஆளப்பட்டிருக்கிறது என்பதே பெரிய சான்று.

நம் கரை நெய்தலா, பாலையா? கருவேலங்காட்டைப் பார்த்தால் சந்தேகம் வருகிறதே.

தொல்காப்பியம் நெய்தலை 'வருணன் மேய பெருமணல் உலகம்' என்கிறது. தனுஷ்கோடியில் நின்றவர்களுக்குப் 'பெருமணல்' என்பதற்கு உரை தேவையில்லை. பாலைக்கென்று அந்த நூல் தனி நிலம் ஒதுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வறண்டு திரிந்தால் பாலை என்பது சிலப்பதிகாரம் சொல்வது. சாயல்குடிப் பக்கத்துப் பொட்டலுக்கு என்ன பெயர் வைப்பது என்று என்னைக் கேட்டால், மழை பெய்த வருஷம் ஒன்று, பெய்யாத வருஷம் இன்னொன்று.

தனுஷ்கோடிக் கரை பற்றி அகநானூற்று 70ஆம் பாட்டு இருக்கிறது. நெய்தல் பாட்டு. வேட்டை வாய்த்த பரதவர் பாக்கத்தில் கொழுத்த அயிலை மீனைப் பங்கிட்டுக் கொடுக்கிறார்கள். அயிலை என்ற பெயர் இன்றும் நம் மீன்கடைகளில் கேட்கிற பெயர். காதலைப் பற்றி ஊரார் பேசிய அலர், கல்யாணம் உறுதியானதும் அடங்கிவிட்டது என்று தோழி சொல்கிறாள். எப்படி அடங்கியது? பாண்டியரின் 'தொன்முது கோடி'த் துறையில் இராமன் மறைவாக ஆலோசனை செய்தபோது, பறவைகளின் ஒலி அவிந்துபோன ஆலமரம் போல. இந்தப் பாட்டின் கடைசி வரி நம் இலக்கணத்துக்கும் உதவும். கொஞ்சம் கீழே அதற்கு வருகிறேன்.

அஃறிணையை எப்படிப் பிரித்து எழுத வேண்டும்?

அல் + திணை. தனிக்குறிலை அடுத்த லகரத்துக்குப் பின் தகரம் வந்தால் லகரம் ஆய்தமாகவும் மாறலாம், தகரம் றகரமாகும். கல் + தீது = கஃறீது, ளகரத்துக்குப் பின் தகரம் டகரமாகும் முள் + தீது = முஃடீது என்பவை உரைகளில் வரும் உடன்பிறப்புகள். 'அஃரிணை', 'அக்றிணை', 'அஃறினை' மூன்றும் பிழை. விடைத்தாளில் அதிகம் வருவது மூன்றாவது.

உயர்திணை வினைத்தொகை. உயர்ந்த, உயர்கின்ற, உயரும் திணை.

'உயர்' என்றால் யாரை விட உயர்ந்தது? இதில் சாதி இருக்கிறதா?

கால்டுவெல் 1856இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் இந்த இரண்டு சொற்களையும் 'உயர்சாதி', 'சாதியற்றது' என்று பொருள்படும்படி மொழிபெயர்த்தார். திணைக்குக் குலம் என்ற பொருள் இருப்பதால் அப்படிச் செய்தார். ஆனால் சூத்திரத்தைப் படித்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். தொல்காப்பியச் சொல்லதிகாரம், கிளவியாக்கத்தின் முதல் நூற்பா:

'உயர்திணை என்மனார் மக்கட் சுட்டே
அஃறிணை என்மனார் அவரல பிறவே
ஆயிரு திணையின் இசைக்குமன சொல்லே'

மக்கள் என்று சுட்டப்படுபவர் அத்தனை பேரும் உயர்திணை. அரசனும் அடிமையும் ஒரே வகுப்பு. ஊரில் ஆளுக்கு ஆள் வரிசை வைத்திருந்த காலத்தில், வினைமுற்று மட்டும் அந்த வரிசையைக் கண்டுகொள்ளவில்லை. மனிதனுக்கும் மற்றவற்றுக்கும் நடுவில்தான் கோடு.

இன்னொன்றையும் கவனியுங்கள். நூற்பா 'மக்களே' என்று நிறுத்தவில்லை, 'மக்கட் சுட்டு' என்கிறது. மக்கள் என்று நாம் சுட்டுகிற பொருள். பேசுகிறவர் எதை எப்படிச் சுட்டுகிறார் என்பதற்கு அங்கேயே இடம் விட்டிருக்கிறது. கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு இதுவே பதில்.

தொல்காப்பியம் சொல்வதும் நன்னூல் சொல்வதும் ஒன்றா?

இல்லை. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பவணந்தி முனிவரின் நன்னூல் 'மக்கள் தேவர் நரகர் உயர்திணை, மற்றுயிர் உள்ளவும் இல்லவும் அஃறிணை' என்று பட்டியலை நீட்டுகிறது. தொல்காப்பியர் வரையறைக்குள் மக்களை மட்டும் வைத்தார். தெய்வத்தைக் குறிக்கும் பெயரும் ஆண்மை திரிந்தவரைக் குறிக்கும் பெயரும் தமக்கென்று தனி ஈறு இல்லாமல் உயர்திணையின் முடிபையே பெறும் என்று அடுத்து ஒரு நூற்பாவில் சொன்னார். இன்று திருநங்கை என்று சொல்கிறவர்களைத் தொல்காப்பியம் அஃறிணைப் பக்கம் தள்ளவில்லை. வகுப்பில் இதைத் தாண்டிப் போகிறவர்கள் அதிகம். நின்று சொல்ல வேண்டிய இடம் என்பேன்.

எங்கள் வீட்டில் 'அக்கா வந்துச்சு', 'அம்மா சொல்லுச்சு' என்றுதான் பேசுவோம். வெளியூர்த் தோழி 'அம்மாவை மாடு மாதிரிச் சொல்றியே' என்று சிரிக்கிறாள். இது பிழையா?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். பதிலும் கொஞ்சம் நீளம்.

எழுத்துத் தமிழில், தேர்வில், 'அம்மா சொன்னார்' அல்லது 'அம்மா சொன்னாள்'. அதில் மாற்றம் இல்லை. ஆனால் பேச்சை எழுத்தின் அளவுகோலால் அளந்து பிழை என்று தள்ளினால் இலக்கணத்தையே சரியாகப் படிக்கவில்லை என்று ஆகும். நன்னூல் 379ஆம் நூற்பா:

'உவப்பினும் உயர்வினும் சிறப்பினும் செறலினும்
இழிப்பினும் பால்திணை இழுக்கினும் இயல்பே'

மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு, கோபம், இழிவு ஆகியவற்றால் பாலும் திணையும் மாறினால் அது இயல்பு. 'இயல்பே' என்ற சொல்லைப் பாருங்கள், 'மன்னிக்கலாம்' என்றுகூடச் சொல்லவில்லை. பசு ஒன்றைப் பார்த்து 'என் அம்மை வந்தாள்' என்பது உரைகாரர்கள் காட்டும் உதாரணம். அங்கே அஃறிணை அன்பினால் மேலே ஏறுகிறது. நம் வீட்டில் அம்மாவும் அக்காவும் அதே அன்பினால் 'உச்சு'க்கு வருகிறார்கள்.

எப்படி வருகிறார்கள் என்று உற்றுக் கேளுங்கள். 'சொன்னா' என்றால் வயதில் மூத்தவளை ஒருமையில் பேசியதாகிவிடும். 'சொன்னாக' என்றால் மரியாதை இருக்கிறது, ஆனால் கொஞ்சம் எட்டி நிற்கிறது. 'சொல்லுச்சு' இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. மரியாதைக் குறைவும் இல்லை, விலகலும் இல்லை. அக்காவுக்கு அது பொருந்துகிறது. அதனால்தான் அதே வாய் தலைமையாசிரியரைப் பற்றிச் சொல்லும்போது 'சார் சொல்லுச்சு' என்று வராது, 'சார் சொன்னாக' என்று மாறிவிடும். கீழக்கரைப் பக்கத்து வீடுகளில் 'வாப்பா வந்தாக', 'உம்மா சொன்னாக' என்று பெற்றோர் இருவருக்குமே 'ஆக' கேட்கலாம். ஒவ்வொரு வீட்டுக்கும் அதற்கென்று ஒரு கணக்கு இருக்கும்.

இதே முடிபு கோபத்திலும் வரும். 'அது எங்க ஊர் சுத்தப் போச்சோ' என்று மனைவி கணவனைப் பற்றிச் சொல்லும்போது அது 'செறலினும்' கணக்கு. குரலை வைத்துத்தான் பிரித்தறிய வேண்டும். ஈற்றை வைத்துப் பிரிக்க முடியாது. தோழியிடம் இந்த நூற்பாவைச் சொல்லுங்கள். சிரிப்பு நிற்காவிட்டாலும் பரவாயில்லை.

குழந்தை அழுததா, அழுதானா, அழுதாளா?

மூன்றும் சரி. குழவி, மகவு போன்ற சொற்கள் உயர்திணையைக் குறித்தாலும் அஃறிணை முடிபு பெறும் என்று தொல்காப்பியம் ஒரு பட்டியலே போட்டிருக்கிறது. குடிமை, ஆண்மை, விருந்து, அரசு, குழு எல்லாம் அதே பட்டியலில் உண்டு. விருந்து வந்தது, அரசு அறிவித்தது என்று இன்றைக்கும் எழுதுகிறோம்.

தனுஷ்கோடியில் ஒரு பக்கம் ஆண் கடல், ஒரு பக்கம் பெண் கடல் என்கிறார்கள். அப்படியானால் கடல் உயர்திணையா?

மன்னார் வளைகுடாப் பக்கம் அலை ஓங்கி அடிப்பதால் ஆண் கடல். பாக் நீரிணைப் பக்கம் ஏரி மாதிரி கிடப்பதால் பெண் கடல். கரையில் எல்லாரும் சொல்லும் பேச்சுதான். ஆனால் அப்படிச் சொல்கிறவர் அடுத்த வாக்கியத்தில் வினையை எப்படி முடிக்கிறார் என்று கவனியுங்கள். 'ஆண் கடல் இன்னைக்குச் சீறுது', 'பெண் கடல் அடங்கிக் கெடக்கு'. சீறுகிறான் என்றும் கிடக்கிறாள் என்றும் யாரும் சொல்வதில்லை.

காரணம், தமிழில் ஆண், பெண் என்ற பால் உயர்திணைக்குள் மட்டுமே வினையைத் தொடும். அஃறிணைக்குள் இருப்பவை ஒன்றன்பால், பலவின்பால் என்ற இரண்டுதான். உயர்திணையின் ஆண்பால், பெண்பால், பலர்பால் மூன்றும் இந்த இரண்டும் சேர்ந்தது ஐம்பால். அஃறிணை உயிர்களில் ஆண் பெண் இருப்பதைத் தமிழ் கவனிக்காமல் இல்லை. தொல்காப்பிய மரபியலில் அதற்கென்றே பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. களிறு, பிடி எல்லாருக்கும் தெரியும். நம் கரைக்கு உரியவை இரண்டு: 'கடல்வாழ் சுறவும் ஏறெனப் படுமே', 'நீர்வாழ் சாதியுள் நந்தும் நாகே'. ஆண் சுறாவுக்கு ஏறு என்று பெயர். சங்கினத்தில் பெண்ணுக்கு நாகு. முத்துக்கும் சங்குக்கும் குளித்தவர்களின் கரையில் இருந்துகொண்டு இந்த இரண்டு வரிகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விடலாமா? பனையிலும் ஆண்பனை, பெண்பனை வேறு வேறு, நுங்கு பெண்பனையில்தான். ஆனால் ஏறானாலும் நாகானாலும் 'வலையில் விழுந்தது'தான். பனையானாலும் 'சாய்ந்தது'தான்.

'கடலம்மா கைவிட மாட்டா' என்று சொல்லும்போது மட்டும் வினை மாறுகிறது. அங்கே பேசுகிறவர் நீர்ப்பரப்பைச் சுட்டவில்லை, தாயைச் சுட்டுகிறார். ஒரே கடல், காலையில் 'அது', ஆபத்தில் 'அவள்'.

புயலுக்குப் பெண்பெயர் வைத்தால்?

2008இல் நிஷா புயல் வந்தது. செய்தியிலும் பேச்சிலும் 'நிஷா கரையைக் கடந்தது' என்றுதான் இருந்தது. படகுக்கு மாதா பெயரோ மகள் பெயரோ வைத்திருப்பவர்களும் 'நம்ம படகு கரை ஏறிருச்சு' என்பார்கள். பெயர் எதுவாக இருந்தாலும் சுட்டுவது படகை.

'ஊர் கூடியது' சரியா? ஊரில் இருப்பவர்கள் மனிதர்கள்தானே?

சரி. இப்போது அகநானூற்றுப் பாட்டுக்கு வருவோம். அதன் கடைசி வரி 'ஒலி அவிந்தன்று இவ் அழுங்கல் ஊரே'. வம்பு பேசியது மனிதர்கள், வாய் அடங்கியதும் மனிதர்கள். ஆனால் எழுவாய் 'ஊர்' என்பதால் வினை 'அவிந்தன்று' என்று அஃறிணை ஒருமையில் நிற்கிறது. இடத்தின் பெயர் அங்குள்ளவர்களுக்கு ஆகி வருவதால் ஆகுபெயர் என்போம்; வினையோ சொல்லைப் பார்த்து முடிகிறது. 'மீனவர் சங்கம் வேலைநிறுத்தம் அறிவித்தது', 'மீனவர்கள் வேலைநிறுத்தம் அறிவித்தார்கள்' இரண்டும் எழுதலாம். 'சங்கம் அறிவித்தார்கள்' என்று எழுதினால் திருத்துங்கள். 'போலீஸ் வந்தாங்க' என்று பேசலாம். பேச்சில் நாம் ஆட்களைத்தான் பார்க்கிறோம்.

மீன்கள் வந்தன என்று யாரும் பேசுவதில்லையே?

ஆமாம். பேச்சில் அஃறிணைப் பன்மை முடிபு இல்லாமலே போய்விட்டது. 'சூடை நெறைய பட்டுச்சு', 'நாலு நண்டு கெடக்கு'. எழுத்தில் மட்டும் 'கிடக்கின்றன'. எண்ணிக்கையை நாலு, நெறைய என்ற சொற்களே காட்டிவிடுவதால் கரையில் யாருக்கும் குறை தெரியவில்லை. தேர்வில் மதிப்பெண் போகும்.

மற்ற மொழிகளிலும் திணை உண்டா?

பக்கத்து வீடுகளிலேயே வேறுபாடு தெரியும். தெலுங்கில் ஒருமையில் பெண்ணுக்கும் பொருளுக்கும் ஒரே வினைமுற்று, 'வச்சிந்தி'. ஆண் மட்டும் தனி. அங்கே மஹத்து, அமஹத்து என்று பிரிப்பார்கள். மலையாளம் வினையில் திணையையும் பாலையும் அறவே விட்டுவிட்டது. அவனும் அவளும் அதுவும் 'வந்நு'. கன்னடம் நம்மோடு நெருக்கம்.

வடமொழியில் கணக்கே வேறு. அங்கே பால் சொல்லுக்கு உரியது, பொருளுக்கு அல்ல. மனைவியைக் குறிக்கும் மூன்று சொற்களில் 'தார' ஆண்பால், 'பார்யா' பெண்பால், 'களத்ர' அலிப்பால். இந்தியிலும் வண்டி பெண்பால். ராமேஸ்வரத்தில் வடநாட்டு யாத்திரிகர்களிடம் நம் ஆட்டோக்காரர்கள் 'காடி ஆயா' என்பதும், அவர்கள் 'காடி ஆயீ' என்று திருத்துவதும் இதனால்தான். வண்டி எப்படி அம்மா கட்சி ஆனது என்று நம்மவர்களுக்குப் புரிவதில்லை. பொருளைப் பார்த்துப் பேசிப் பழகிய வாய்க்குச் சொல்லைப் பார்த்துப் பேசுவது கஷ்டம்.

இந்த இலக்கணப் படிப்புக்கும் இராமநாதபுரத்துக்கும் என்ன தொடர்பு?

1901இல் மதுரையில் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர், இராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதி மரபினர். அவருக்குத் துணை நின்றவர் பாஸ்கர சேதுபதி. சேது சமஸ்தானப் புலவராக இருந்த ரா. இராகவையங்கார், சங்கத்தின் 'செந்தமிழ்' இதழுக்கு ஆசிரியராக இருந்தவர். பழைய நூல்கள் அச்சேறிப் பரவிய காலத்தில் நம் பக்கத்துப் பணமும் புலமையும் அதில் இருந்தன.

திணை வழு, வழாநிலை, வழுவமைதி: வேறுபாடு?

'படகு வந்தது' பிழையில்லாத வழாநிலை. 'படகு வந்தான்' வழு, அதாவது பிழை. கரையில் நிற்கும் பழைய வத்தையை (படகை)த் தட்டிக்கொடுத்து 'என் ராசா வந்துட்டான்' என்றால் அது காரணத்தோடு ஏற்கப்படும் வழுவமைதி. அமைதி பெற வேண்டுமானால் நன்னூல் சொன்ன ஐந்து காரணங்களில் ஒன்று இருக்க வேண்டும். விடைத்தாளில் அந்தக் காரணத்தையும் எழுதுங்கள், 'உவப்பினால்' என்று ஒரு சொல் போதும்.

தினை என்று எழுதினால்?

அது தானியம். தேன் சேர்த்துச் சாப்பிடலாம்.